மாப்பிள்ளை காருக்கு அரை நூல் கனம் கூட

முதலிபாளையம் தொழிற்பேட்டை,
ஆடி 30.

மரியாதைக்குரிய மாப்பிள்ளை கவின் அவர்களுக்கு, மாமனார் பொன்னுச்சாமி எழுதுவது. இங்கே நானும் உங்கள் அத்தை ஜானகியும் சுகம். பட்டறையில் சோணைமுத்து உட்பட அனைவரும் சுகம். உங்கள் அம்மாவும் மூன்று வேளையும் நன்றாகச் சாப்பிடுகிறார், நன்றாகத் தூங்குகிறார், முகம் தெளிவாக இருக்கிறது. கால் விஷயத்தைப் பின்னால் எழுதுகிறேன். அங்கே மெல்பர்ன் குளிரில் தாங்களும் மகள் தமிழ்மதியும் பேத்தி அக்ஷராவும் சளி, காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் நினைத்துக்கொள்கிறோம்.

இதையெல்லாம் போனிலேயே சொல்லலாமே என்று தாங்கள் கேட்கலாம். சொல்லிப் பார்த்துவிட்டேன். நான் வாயைத் திறந்ததுமே தாங்கள் "பரவாயில்லீங்க மாமா" என்று விடுகிறீர்கள். அதற்குமேல் ஒரு மனிதன் என்ன பேசுவது? கோபித்துக்கொண்டால் சமாதானம் சொல்லலாம், நாலு வார்த்தை திட்டினால் வாங்கிக்கொண்டு சும்மா இருக்கலாம். பரவாயில்லை என்கிறவரிடம் எதைப் பேசி எதைத் தீர்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை. கடிதத்தில் தாங்கள் குறுக்கே பேச முடியாது, அதனால்தான் எழுதுகிறேன். தயவுசெய்து கடைசிவரை படிக்கவும். தமிழ்மதியிடம் காட்ட வேண்டாம். அவள் உடனே அவள் அம்மாவைக் கூப்பிட்டுப் பேசுவாள், எனக்கு இங்கே சோறு கிடைக்காது.

வைகாசியில் பாப்பாவுக்குக் காது குத்த வந்தபோது, கிளம்புகிற அன்றைக்குக் காலையில், ஒரு அட்டைப்பெட்டியைக் கொண்டு வந்து என் மேஜைமேல் வைத்தீர்கள். உள்ளே ஒரு முழ நீளத்தில் ரிமோட் கார். நாற்பது வருஷத்துக்கு முந்தி ஜப்பான்காரன் செய்தது, இப்போது பாகம் கிடைப்பதில்லை, முன் சக்கரத்தைத் தாங்குகிற சஸ்பென்ஷன் ஆர்ம் ஒன்று உடைந்துவிட்டது, அக்டோபரில் அங்கே பழைய கார்களுக்கு ஒரு பந்தயம் நடக்கிறது என்று சொல்லிவிட்டு, "அவசரமில்லீங்க மாமா, முடிஞ்சாப் பாருங்க" என்றீர்கள். மாப்பிள்ளை, கல்யாணமாகி எட்டு வருஷத்தில் தாங்கள் என்னிடம் கேட்டது அது ஒன்றுதான். தலைதீபாவளிக்கு என்ன வேண்டும் என்று கேட்டபோது ஒன்றும் வேண்டாம் என்றீர்கள். வண்டி வாங்கித் தருகிறேன் என்றேன், இருக்கிறது என்றீர்கள். நமக்குள் சாப்பிட்டாச்சுங்களா, மழை பேயுதுங்களா என்பதைத் தவிர வேறு பேச்சே ஓடியதில்லை. அப்படிப்பட்டவர் வாயைத் திறந்து ஒரு காரியம் கேட்கிறார், அதுவும் என் தொழிலில் கேட்கிறார் என்றால் எனக்கு எப்படி இருந்திருக்கும்? அன்றைக்கு நான் ஜானகியிடம் நாலு தடவை சொன்னேன். ஐந்தாவது தடவை அவள் எழுந்து போய்விட்டாள்.

முப்பத்தாறு வருஷமாக இந்தப் பேட்டையில் நிட்டிங் மெஷின்களுக்கு உதிரி பாகம் செய்து கொடுக்கிறேன். உடைந்ததைக் கொண்டு வா, அதைவிட அரை நூல் கனம் கூட்டிப் போட்டுத் தருகிறேன், ஜென்மத்துக்கும் திரும்பி வராது என்பதுதான் எங்கள் பட்டறைப் பேச்சு. நூல் என்றால் இங்கே அளவு, அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. தாங்கள் கம்ப்யூட்டர் படித்தவர் என்பதால் விளக்குகிறேன். தங்கள் காரைப் பிரித்துப் பார்த்தால், ஆர்ம் என்று சொன்னீர்களே, அது வெறும் ப்ளாஸ்டிக். என் சுண்டு விரலைவிடச் சன்னம். ஜப்பான்காரனுக்கு என்ன பஞ்சமோ தெரியவில்லை. நான் வெர்னியர் வைத்து அளந்து, ஷாஃப்ட்டுக்கு வாங்கி வைத்திருந்த நல்ல ஸ்டீலில், அரை நூல் கனம் கூட்டி, மில்லிங்கில் நானே நின்று, ஒன்றுக்கு நான்காக எல்லாச் சக்கரத்துக்கும் ஆர்ம் செய்தேன். அப்போதே சோணைமுத்து குறுக்கே வந்தான். சிவகங்கைப் பக்கத்துக்காரன், பதினாலு வருஷமாக என்னிடம் டர்னர், வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாது. "மொதலாளி, இது ஒடையணும்னே வச்சிருக்காய்ங்க. மெஷின்ல ஊசி ஒடையலேன்னா சிலிண்டர் போயிரும்ல, அதே கதைதேன்" என்றான். நிட்டிங் மெஷினில் நூல் சிக்கினால் ஊசி உடையும், அதனால் விலை கூடிய சிலிண்டர் தப்பிக்கும். இது எனக்குத் தெரியாதா, அவனுக்குச் சொல்லிக் கொடுத்ததே நான்தானே. மில்காரனுக்கு உடையலாம், மாப்பிள்ளைக்கு உடையக்கூடாது என்று சொல்லி அவனை லேத்துக்கு விரட்டினேன்.

ஆர்மை மாட்டிப் பட்டறைக்கு முன்னால் ரோட்டில் ஓட்டினோம். போன வேகத்தில் சாக்கடைக் கல்லில் போய் மோதியது. எடுத்துப் பார்த்தால் ஆர்மில் ஒரு கீறல் இல்லை, ஆனால் ஆர்ம் மாட்டியிருக்கிற முன்பக்கப் பெட்டி குறுக்கே விரிந்து கிடக்கிறது. தங்களுக்குப் போன் செய்தேன், பரவாயில்லை என்றீர்கள். எனக்குத்தான் பரவாயில்லை என்று விட முடியவில்லை. அலுமினியக் கட்டியைக் குடைந்து பெட்டியைச் செய்து மாட்டினேன். அடுத்த தடவை மோதியதில் பெட்டிக்கு ஒன்றுமில்லை, அடித்தட்டு இரண்டாகப் போனது. அதற்கும் பரவாயில்லை என்றீர்கள். அதற்குமேல் தங்களுக்குப் போன் செய்யவில்லை, மன்னிக்கவும். அடித்தட்டை மூன்று மில்லித் தகட்டில் வெட்டிப் போட்டேன். இப்போது எதுவும் உடையவில்லை, சந்தோஷம், ஆனால் கார் எழுந்து நிற்கவில்லை. கனம் தாங்காமல் வயிற்றைத் தரையில் வைத்துப் படுத்துக்கொண்டது. ஸ்பிரிங்கை மாற்றினேன். நின்றது. நின்றதே தவிர நகரவில்லை, மோட்டாரிலிருந்து புகை வந்தது. சோணைமுத்து ஒன்றும் சொல்லாமல் பார்த்துக்கொண்டு நின்றான், அவன் சொல்லியிருந்தால்கூட எனக்குத் தாங்கியிருக்கும். அந்த ரோஷத்தில் பட்டறையில் இருந்த நல்ல கையடக்க ட்ரில்லிங் மெஷினைப் பிரித்து, அதன் மோட்டாரையும் பேட்டரியையும் காரில் ஏற்றினேன். தங்கள் கார் தூக்கினால் ஒரு கிலோ சொச்சம் இருந்தது, இப்போது ஆறரைக் கிலோ. ஓடியது பாருங்கள், மாப்பிள்ளை, பேட்டையில் அத்தனை பேரும் வேலையை விட்டுவிட்டு வெளியே வந்து பார்த்தார்கள்.

அது ஆடிப் பதினெட்டு. நோம்பி என்பதால் அரை நாள் வேலை. ஜானகி எங்களுக்கெல்லாம் சாப்பாடு எடுத்துக்கொண்டு பட்டறைக்கு வந்திருந்தாள். வீடு பூட்டியிருக்கிறதே என்று உங்கள் அம்மா குழந்தையம்மாள் பெருமாநல்லூரிலிருந்து ஒப்புட்டு சுட்டு எடுத்துக்கொண்டு நேரே பட்டறைக்கு வந்து ஆட்டோவிலிருந்து இறங்குகிறார். சம்பந்தி வருகிறாரே, மாப்பிள்ளை கார் தயாராகிவிட்டதை அவரும் பார்க்கட்டும் என்று நான் ரிமோட்டை அழுத்தினேன். கார் கிளம்பியது. திருப்பினேன், திரும்பவில்லை. அத்தனையும் மாற்றிய நான், சக்கரத்தைத் திருப்புகிற குட்டி மோட்டாரை மட்டும் மாற்றவில்லை; அதற்கு இந்தக் கனத்தைத் திருப்பச் சக்தி இல்லை. நான் "தள்ளிக்கோங்க, தள்ளிக்கோங்க" என்று கத்துகிறேன், அவர் என்னவோ வரவேற்கிறேன் என்று நினைத்துக் கையெடுத்துக் கும்பிடுகிறார். கையில் தொங்கிய போசிப் பாத்திரம் ஒரு பக்கம் பறந்தது, ஒப்புட்டு ரோடெல்லாம் கிடந்தது, உங்கள் அம்மா உட்கார்ந்துவிட்டார். சத்தியத்தைச் சொல்லிவிடுகிறேன், மாப்பிள்ளை, மனதில் வைத்துக்கொண்டு இருக்க முடியவில்லை. ஓடிப்போன நான் முதலில் குனிந்து பார்த்தது ஆர்மைத்தான். ஒரு கீறல் இல்லை. ஒரே ஒரு நொடிதான் பார்த்தேன், அந்த ஒரு நொடியை ஜானகி பார்த்துவிட்டாள். இன்றைக்குப் பன்னிரண்டாவது நாள், சுவரைப் பார்த்துத்தான் என்னிடம் பேசுகிறாள்.

ஆஸ்பத்திரியில் என்ன மோதியது என்று கேட்டார்கள். கார் என்றேன். கார் என்றால் போலீசுக்கு எழுத வேண்டும், வண்டி நம்பர் என்ன என்றார் அங்கிருந்த நர்ஸ். நம்பர் இல்லை என்றேன். ஓட்டியது யார் என்றார். நான்தான் என்றேன். மோதிய பிறகு நிறுத்தினீர்களா என்றார். நிறுத்தவில்லை, சோணைமுத்து சாக்கைப் போட்டு அமுக்கித்தான் நிறுத்தினான் என்றேன். குடித்திருக்கிறேனா என்று என் பக்கத்தில் வந்து மூக்கை உறிஞ்சினார். கடைசியில் சோணைமுத்து ஓடிப்போய்க் காரைச் சாக்கோடு தூக்கி வந்து அவர் மேஜைமேல் வைத்தான், மேஜை ஆடியது, பிறகுதான் நம்பினார். கணுக்காலில் மயிரிழை விரிசல், மூன்று வாரம் கட்டு, வேறு பயமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். பெற்ற பிள்ளைக்கு எப்படிச் சொல்வது என்று நான் கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறேன், உங்கள் அம்மா படுத்தபடியே என்னைப் பார்த்து, "பரவாயில்லீங்கண்ணா, வேணுமின்னா செஞ்சீங்க?" என்கிறார். அப்போதுதான் தாங்கள் அதை எங்கே கற்றுக்கொண்டீர்கள் என்று எனக்குத் தெரிந்தது. உங்களிடம் சொல்லக் கூடாது என்று அவர்தான் சத்தியம் வாங்கினார். வீடியோவில் பேசும்போது முகம் மட்டும் தெரிகிற மாதிரி ஜானகி தலையணை அடுக்கி உட்கார வைக்கிறாள். பின்னால் தெரிகிற பச்சைத் திரை பெருமாநல்லூர் வீட்டுத் திரை இல்லை, எங்கள் வீட்டுத் திரை. தாங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள்.

கட்டுப்போட்ட காலோடு தனியாக இருக்க வேண்டாம் என்று எங்கள் வீட்டுக்கே அழைத்து வந்துவிட்டோம். நான் அந்தக் காரைப் பழைய இரும்புக்குப் போடுவது என்றே முடிவு செய்துவிட்டேன். நீங்கள் கேட்ட ஒரே காரியத்தை இப்படிச் செய்து வைத்திருக்கிறேன், இதை எந்த முகத்தோடு திருப்பித் தருவது? வேறு ஒன்று எங்காவது கிடைத்தால் வாங்கிக் கொடுத்துவிட்டு இந்தப் பேச்சையே மறந்துவிடலாம் என்றிருந்தேன். நாலாம் நாள் சாயங்காலம் சாக்கை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது, அதைக் கொஞ்சம் காட்டுங்கள் என்றார் உங்கள் அம்மா. தன் காலை உடைத்ததைப் பார்க்கக் கேட்கிறார், மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? பக்கத்தில் வைத்தேன். மேலே மூடுகிற அந்தச் சிவப்பு ஓடு ஒன்றுதான் தங்களுடையது, மீதி எல்லாம் என்னுடையது. அதைத் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு சொன்னார்:

"ஏழாவது படிக்கையில இதே வண்டியத்தானுங்கண்ணா கேட்டான். எதுத்த ஊட்டுப் பையனுக்கு அவங்க மாமன் சிங்கப்பூர்ல இருந்து கொண்டாந்து குடுத்தது, இவனத் தொட உடமாட்டான். நாலு நாள் சோறு திங்காமக் கெடந்தானுங்க. ரெண்டு நாள்ல ஒடைச்சுப் போடுவே, போடான்னு சொல்லிப் போட்டேன். அதுக்கப்புறம் எங்கிட்ட அவன் எதையுமே கேக்கலீங்க. ஒடைஞ்சா ஒடைஞ்சுட்டுப் போகுதுன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமுங்க."

நான் சாக்கோடு நின்றுகொண்டிருந்தேன். ஜானகிகூட அன்றைக்குச் சுவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்தாள். தாங்கள் ஏன் யாரிடமும் எதையும் கேட்பதில்லை என்று எட்டு வருஷமாக எனக்கிருந்த வருத்தம் அப்போது தீர்ந்து, அதைவிடப் பெரிய வருத்தம் ஒன்று வந்தது.

மறுநாள் காலை பட்டறையைத் திறந்ததும் சோணைமுத்துவிடம், நைலான் ராடு இருக்கிறதா என்றேன். அவன் ஏன் என்றுகூடக் கேட்கவில்லை, இரண்டு மாதமாக அதை வாங்கி வைத்துக்கொண்டு காத்திருந்திருக்கிறான். உடைந்த பெட்டி, அடித்தட்டு, பழைய ஸ்பிரிங், எல்லாவற்றையும் ஒரு ஆயில் டின்னில் போட்டுப் பத்திரப்படுத்தியும் வைத்திருக்கிறான். இப்படிப்பட்ட ஆளை வைத்துக்கொண்டு எப்படித் தொழில் செய்வது, சொல்லுங்கள். விரிந்த பெட்டியையும் தட்டையும் ஒட்டி, அடியில் மெல்லிய தகடு வைத்து ரிவெட் அடித்தோம். புகைந்துபோன தங்கள் மோட்டாரைப் பல்லடத்தில் விசைத்தறி மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவரிடம் கொடுத்தேன். அவர் அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டு, மீதி எங்கே என்று கேட்டார். இரண்டு நாள் பூதக்கண்ணாடி வைத்துக் கட்டிக் கொடுத்தார்.

ஆர்மை நானே செய்தேன். மாப்பிள்ளை, முப்பத்தாறு வருஷத்தில் உடைய வேண்டும் என்று ஒரு பாகத்தை நான் செய்தது இதுதான் முதல் தடவை. அது எவ்வளவு கஷ்டம் என்று தங்களுக்குத் தெரியாது. கை தானாகவே கனம் கூட்டுகிறது. முதலில் செய்தது உடையவே இல்லை, சுத்தியலால் அடித்தும் உடையவில்லை, தூக்கிப் போட்டேன். அடுத்தது தொட்டாலே உடைந்தது. சாதாரண மேடு பள்ளத்துக்குத் தாங்க வேண்டும், சுவரில் மோதினால் பெட்டி போகுமுன் இது போக வேண்டும். அந்த இடத்தைப் பிடிக்க மேற்கொண்டு ஒன்பது ஆர்மைச் செய்து ஒன்பதையும் கல்லில் மோதி உடைத்தோம். ஒன்பதாவது சரியாக உடைந்தபோது நானும் சோணைமுத்துவும் கைகொடுத்துக்கொண்டோம். அந்த நேரம் பார்த்துப் பெருமாநல்லூர் மில்காரர் ஒருவர் தன் மெஷினுக்குக் கேம் என்கிற பாகம் வாங்க உள்ளே வந்திருக்கிறார். பொன்னுச்சாமி தன் கைப்படச் செய்த பாகம் உடைகிறது, அதற்கு அவரே குதிக்கிறார் என்று இப்போது பேட்டை முழுக்கப் பேச்சு. நேற்று இரண்டு பேர் துக்கம் விசாரிக்கிற மாதிரி வந்து டீ குடித்துவிட்டுப் போனார்கள்.

ஆகவே தங்கள் காரை, தாங்கள் கொடுத்த கனத்திலேயே, ஒட்டுப்போட்டு, கூடுதலாகப் பன்னிரண்டு நைலான் ஆர்ம்களுடன் இத்துடன் கொரியரில் அனுப்புகிறேன். தாராளமாக உடையுங்கள். தீர்ந்தால் சொல்லுங்கள், செய்து அனுப்புகிறேன். அம்மாவின் கால் விஷயத்தைத் தெரியாத மாதிரியே வைத்துக்கொள்ளவும். என்மேல் கோபம் இருந்தால் தயவுசெய்து ஒரு முறையாவது கோபித்துக்கொள்ளவும். பரவாயில்லை என்று மட்டும் சொல்ல வேண்டாம், என் உடம்பு தாங்காது. இனிமேல் ஏதாவது கேட்பதாக இருந்தால் வேட்டி, மோதிரம், ஒரு மூட்டை தேங்காய் என்று மனிதர்கள் மாமனாரிடம் கேட்கிற எதையாவது கேட்கும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். ரிமோட், கார், சக்கரம் வைத்த எதுவும் இனி என் பட்டறை வாசலைத் தாண்டக் கூடாது என்று ஜானகி சுவரிடம் சொல்லியிருக்கிறாள்.

தங்கள் மூவருக்கும் எங்கள் இருவரின் ஆசியும் எப்போதும் உண்டு. பாப்பாவின் காது புண் ஆறியதா என்று எழுதவும். சோணைமுத்து தங்களுக்குத் தன் வணக்கத்தைத் தெரிவிக்கச் சொன்னான், தான் முதலிலேயே சொன்னதையும் சேர்த்துத் தெரிவிக்கச் சொன்னான்.

இப்படிக்கு,
தங்கள் மேல் மிகுந்த மரியாதையும் கொஞ்சம் ஆற்றாமையும் உள்ள மாமனார்,
பொன்னுச்சாமி.

பின்குறிப்பு: கார் இத்துடன் வருகிறது என்று மேலே எழுதியதை அடித்துவிட்டுப் படிக்கவும். கார் வரவில்லை. பெட்டி கட்டுமுன் ஒரு தடவை ஓட்டிப் பார்க்கட்டுமா என்று உங்கள் அம்மா கேட்டார். நாற்காலியில் உட்கார்ந்து, கட்டுப்போட்ட காலை முக்காலியில் வைத்துக்கொண்டு, வாசலில் ஒரு மணி நேரம் ஓட்டினார். மூன்று ஆர்ம் உடைந்தது. முதல் இரண்டைச் சோணைமுத்து மாற்றினான், மூன்றாவதை அவரே ஸ்குரூ டிரைவர் வாங்கி மாற்றிக்கொண்டார். கால் விஷயத்தையும் இனி மறைக்க வேண்டாமாம், அவரே சொல்லிக்கொள்வாராம். இப்போது கார், ரிமோட், மீதி ஒன்பது ஆர்ம் எல்லாம் அவர் கட்டிலுக்கு அடியில் இருக்கின்றன, கட்டு பிரித்ததும் பெருமாநல்லூருக்கு எடுத்துப் போகப் போகிறார். சம்பந்தியிடம் கொடுங்கள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. அக்டோபர் பந்தயத்துக்குக் கார் வேண்டுமென்றால் தாங்கள்தான் நேரில் வந்து உங்கள் அம்மாவிடம் கேட்க வேண்டும். அதே வண்டியை அவரிடம் இரண்டாம் முறை கேட்கிறோமே என்று தயங்க வேண்டாம், மாப்பிள்ளை. நீங்கள் கேட்க வேண்டும் என்றுதான் அவர் அதைக் கொடுக்காமல் வைத்திருக்கிறார்.